கறிவேப்பிலையைத் தின்பது யார்?

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எவ்வளவு சிறிய பிளாட்டில் இருந்தாலும் கேலரியில் இரண்டு தொட்டிகள் அநேகமாக இருக்கும். ஒன்றில் துளசி, மற்றொன்றில் கறிவேப்பிலை. இன்னும் கொஞ்சம் இடமிருந்தால் ஒரு மல்லிகை, ஒரு நந்தியாவட்டை, பொங்கலுக்கு ஆகட்டும் என்று ஒரு மஞ்சள் கொத்து. ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றாகக்கூட அது இருக்கலாம். ஜூன் மாதம் மழை பிடித்ததும் இவை தளதளவென்று துளிர்க்கும். அடுத்த சில வாரங்களில் ஒரு நாள் தாளிக்க இலை பறிக்கப் போனால் ஈர்க்கு மட்டும் நிற்கும். இலையைக் காணோம்!

உடனே நம்மில் பலர் சொசைட்டி மாலியைக் கூப்பிட்டு, "ஏதாவது மருந்து அடித்துவிடு" என்கிறோம். அவர் கையிலிருக்கும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அடித்தபின் எத்தனை நாள் கழித்து இலையைப் பறிக்கலாம் என்றும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே இலை ரசத்தில் மிதக்கிறது. ஒரு காலத்தில் வீடுகளில் தாராளமாகப் புழங்கிய டைக்குளோர்வாஸ் என்ற மருந்து 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பாக்கள் பரணில் இருந்தால் அவற்றைத் தொடவே கூடாது.

இலையைத் தின்பது யார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சில புழுக்களைச் செடியிலேயே விட்டுவிடலாம். சிலவற்றைக் கையால் எடுத்தால் போதும். சிலவற்றைக் கையால் தொடவே கூடாது. இந்த மூன்றையும் பிரித்தறியும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புழு என்பது எது?

வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் வாழ்க்கையில் நான்கு நிலைகள்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி. இவற்றில் தின்று வளரும் நிலை புழு மட்டுமே. உடல் பெரிதாகும்போது தோல் இடங்கொடுக்காது. ஆகவே பழைய தோலை உரித்துப்போட்டுவிட்டு மேலும் வளரும். பெரும்பாலான இனங்களில் இப்படி ஐந்து பருவங்கள் உண்டு. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்த செடி இன்று மொட்டையாகிவிட்டதே என்று நாம் திகைப்பதற்குக் காரணம் இதுதான். புழு நேற்று வந்ததல்ல. இரண்டு வாரமாக அங்கேயே இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை.

உடலில் ரோமம் நிறைந்த புழுவைக் கம்பளிப்பூச்சி என்கிறோம். சில ஊர்களில் மசுக்குட்டி என்றும், மயிர்க்கொட்டி என்றும் சொல்வார்கள். மராத்தியில் புழுவுக்கு 'அளி', ரோமப் புழுவுக்கு 'சுர்வண்ட்'. பள்ளியில் இந்தச் சொற்களைக் கற்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

கால்களை எண்ணுங்கள்

புழுவை இனம் காண முதல் பாடம் கால் கணக்கு. தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி மெய்க்கால்கள் இருக்கும். இவை கணுக்கள் உள்ளவை, நுனி கூர்மையானவை. பின்னால் பூச்சியாக மாறும்போதும் ஆறு கால்கள் இருக்கின்றன அல்லவா? இவைதாம் அந்த இடம். அதற்குப் பின் சற்று இடைவெளி விட்டு, உடலின் நடுவில் நான்கு ஜோடி, வால்முனையில் ஒரு ஜோடி, ஆக ஐந்து ஜோடி பொய்க்கால்கள். இவை சதைப்பற்றானவை. இவற்றின் அடியில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. புழுவைப் பலமாக இழுத்தால் இலையோடு வருவது இந்தக் கொக்கிகளால்தான்.

நடுவில் பொய்க்கால்கள் குறைவாக இருந்தால் அந்தப் புழு முதுகை வளைத்து வளைத்து நடக்கும். காவடிபோல் வளைவதால் அதற்குக் காவடிப்புழு என்று பெயர். ஆமணக்கில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

பொய்க்கால்கள் ஆறு ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனமே அல்ல. குளவி வகையைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழு அது. குளிர்காலத்தில் முள்ளங்கி, கடுகு நாற்றுகளில் வரும் கருநிறப் புழு இவ்வகை. அதற்கு எட்டு ஜோடி பொய்க்கால்கள். தொட்டால் சுருண்டு கீழே விழும். இந்தக் கணக்கு வீண் ஆராய்ச்சி அல்ல. புழுக்களுக்கென்று கடையில் விற்கும் பி.டி. என்ற பாக்டீரியாத் தூள் ரம்ப ஈயின் புழுவை ஒன்றும் செய்யாது. கால்களை எண்ணாதவர் பணத்தையும் செலவழித்து நாற்றையும் இழப்பார்.

தேடும் முறை

ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் தினமும் நடந்து சோதிப்பார். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்ப்பார், திரும்பும்போது மற்றதைப் பார்ப்பார். ஒரே நேரத்தில் இரண்டையும் பார்ப்பவர் எதையும் பார்க்கமாட்டார் என்பது அதன் தத்துவம். செடிக்கும் இதே முறைதான். மேலிருந்து கீழாக வரும்போது இலையின் மேற்பக்கம், கீழிருந்து மேலாகப் போகும்போது அடிப்பக்கம். ஒரு தொட்டிக்கு இரண்டு நிமிடம் போதும். வாரம் இருமுறை பார்த்தால் எந்தப் புழுவும் தப்பாது.

1. முதலில் தரையைப் பாருங்கள். தொட்டி மண்ணிலும் கீழ் இலைகளிலும் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ சிறு மணிகள் கிடந்தால் அது புழுவின் எச்சம். கடுகு அளவென்றால் புழு சிறியது, மிளகு அளவென்றால் பெரியது. மணி ஈரமாக இருந்தால் புழு நேர் மேலே இருக்கிறது என்று பொருள்.

2. அடுத்து இலையின் காயத்தைப் பாருங்கள். ஓரத்திலிருந்து வளைவாகக் கடித்திருந்தால் பெரும்பாலும் தனியாக வாழும் புழு. இலை சல்லடைபோல் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் கூட்டமாக வாழும் இளம்புழுக்கள். இலை சுருட்டியோ மடித்தோ நூலால் தைத்தாற்போல் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. மொட்டிலோ காயிலோ வட்டமான துளை இருந்தால் துளைப்பான்.

3. இலையின் அடிப்பக்கத்தையும் நடு நரம்பையும் தண்டோரத்தையும் பாருங்கள். பச்சைப்புழு நடு நரம்பின்மேல் நீளவாக்கில் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இலையைப் பின்னாலிருந்து வெளிச்சத்தில் பார்த்தால் நிழல் தெரியும்.

4. பகலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பல புழுக்கள் பகலில் மண்ணிலும் சருகிலும் ஒளிந்து இரவில் மேயும்.

5. கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து மெல்லத் தட்டுங்கள். குட்டிப் புழுக்கள் தாளில் விழும்.

கண்டுபிடித்ததும் கைபேசியில் மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: மேலிருந்து ஒன்று, கால்கள் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, செடி தெரிய ஒன்று. செடியின் பெயர் மிக முக்கியம். பெரும்பாலான புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். எனவே செடி தெரிந்தால் புழு யாரென்பதை ஊகிப்பது எளிது.

செடிவாரியாக

கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை, வில்வம்: இவை நான்கும் ஒரே குடும்பச் செடிகள். இவற்றில் வருபவர் பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி துளிர் இலையில் குண்டூசித் தலையளவு, வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். மூன்று நான்கு நாளில் பொரியும். முதல் நான்கு பருவங்களில் புழு கரும்பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே இருக்கும். பறவைகள் ஏமாந்து விட்டுவிடும், நாமும் ஏமாந்து துடைத்துவிடுவோம். ஐந்தாம் பருவத்தில் திடீரென்று பச்சைச் சட்டை போட்டுக்கொள்ளும். ஒன்றரை அங்குல நீளம், பருத்த தோள், பக்கவாட்டில் சாய்ந்த பழுப்புப் பட்டைகள். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டைபோல் ஒரு கொம்பை நீட்டும். ஒருவிதக் காரநெடி வீசும். பயப்பட வேண்டாம். அது கொட்டாது, கடிக்காது. எறும்பையும் குளவியையும் விரட்டும் தந்திரம் அது.

இதே செடிகளில் 'காமன் மார்மன்' என்ற கருநிற வண்ணத்துப்பூச்சியின் புழுவும் வளரும். கடைசிப் பருவத்தில் இரண்டும் பச்சையாக ஒன்றுபோலவே இருக்கும், பூச்சி வெளிவந்தபின் வேறுபாடு தெரியும். இறக்கையில் கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்து வால் இல்லாமலிருந்தால் முன்னது. கறுப்பாகப் பின்னிறக்கையில் வால் இருந்தால் பின்னது. எலுமிச்சைக் குடும்ப மரங்களில் வளரும் இன்னொருவர் 'புளூ மார்மன்', நீலமும் கறுப்புமான பெரிய பூச்சி. 2015-ல் மகாராஷ்டிரம் இதை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. நாட்டிலேயே இப்படி அறிவித்த முதல் மாநிலம் இதுதான். தமிழ்நாடு 2019-ல் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை அறிவித்தது.

நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி: இவற்றில் விரல் தடிமனில், மூன்று அங்குல நீளத்தில் பளபளப்பான பச்சைப்புழுவைப் பார்த்து அலறாதவர் குறைவு. முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள் விழிப்பதுபோல் இருக்கும். அவை கண்களல்ல, வெறும் பொட்டுகள். வாலில் ஒரு மஞ்சள் கொம்பு. அதுவும் கொட்டாது. இது அரளி அந்துப்பூச்சியின் புழு. வளர்ச்சி முடியும்போது பழுப்பு நிறமாகிக் கீழே இறங்கிச் சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழுவாகும். இந்த வகை அந்துப்பூச்சிகளைப் பற்றிய பெரிய நூலை 1937-ல் பெல், ஸ்காட் என்ற இருவர் வெளியிட்டனர். அவர்களில் பெல் இந்தப் பம்பாய் மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்தவர். கார்வார் பகுதியில் புழுக்களைத் தேடி வளர்த்தே அவ்வளவையும் அறிந்தார்.

அரளியில் பழுப்பும் வெள்ளையுமாக வரியிட்ட உடலில் நான்கு ஜோடிக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு புழு. 'காமன் குரோ' என்ற வண்ணத்துப்பூச்சியாக மாறும். இதன் கூட்டுப்புழு இலையடியில் கண்ணாடிபோல் மின்னும். குழந்தைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய காட்சி.

எருக்கு: விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போகும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளும் கொண்ட புழு இருந்தால் அது 'பிளெயின் டைகர்' வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. எருக்கம்பாலின் நஞ்சு தன் உடலில் இருப்பதைப் பளிச்சென்ற நிறத்தால் பறவைகளுக்கு அறிவிக்கிறது. எருக்கு, அரளி இரண்டின் பாலும் நமக்கும் நஞ்சு. பார்த்தபின் கை கழுவ வேண்டும்.

மஞ்சள், இஞ்சி: இலை ஓரம் மடிந்து ஒட்டியிருந்தால் உள்ளே பச்சைப்புழு இருக்கும். இதுவும் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுதான். ஓரிரண்டு இலை போனால் கிழங்குக்குக் குறைவில்லை.

தக்காளி, ரோஜா, ஆமணக்கு: இலையடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியதுபோல் முட்டைக் குவியல் கண்டால் அது வெட்டுப்புழு. புகையிலைப் புழு என்றும் சொல்வார்கள். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த ஓர் இலையை மட்டும் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் பரவிவிடும். பகலில் மண்ணில் ஒளியும், ஆகவே தேடுவது கடினம். தக்காளிக் காயில் பாதி உடலை உள்ளே நுழைத்தபடி இருப்பது காய்ப்புழு. துளை விழுந்த காயைப் பறித்து அகற்ற வேண்டும்.

கத்தரி: நுனிக்குருத்து மட்டும் வாடித் தலைசாய்ந்தால் தண்ணீர்க் குறை அல்ல. தண்டினுள் துளைப்பான் இருக்கிறது. வாடிய பகுதிக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி அழித்துவிடுங்கள்.

மல்லிகை: மொட்டில் துளை, மொட்டுகள் நூலால் பின்னப்பட்டிருத்தல், இவை மொட்டுப்புழுவின் அடையாளம். அந்த மொட்டுகளைப் பறித்துச் சேர்த்து அழிப்பதே வழி.

தொடக்கூடாதவை

முருங்கை மரத்தின் அடிமரத்தில் பகலில் கொத்தாக மொய்த்திருக்கும் கம்பளிப்பூச்சிகளை ஊரில் எல்லோரும் அறிவோம். இங்கும் மழைக்காலத்தில் வரும். இவற்றின் ரோமம் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஊரில் பந்தம் கொளுத்திச் சுடுவார்கள். கட்டிடம் நெருங்கிய இடத்தில் அது ஆபத்து. உடலை மூடிக்கொண்டு, நீளக் காம்புள்ள துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுவது போதும்.

இன்னொன்று, பச்சை உடலில் நீலக்கோடுகளும் முள்கொத்துகளும் கொண்ட கட்டையான புழு. தென்னை, மா, ஆமணக்கு ஆகியவற்றில் வரும். நத்தைபோல் ஊரும். அழகாக இருப்பதால் குழந்தைகள் கைநீட்டுவார்கள். பட்டால் நெருப்புப் பட்டதுபோல் எரியும். 'ரோமமோ முள்ளோ இருந்தால் கையை நீட்டாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் ரோமங்கள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

என்ன செய்வது?

செடி பெரியதா சிறியதா என்று முதலில் பாருங்கள். தரையில் வேரூன்றிய கறிவேப்பிலை மரம் பத்துப் புழுக்களையும் தாங்கும், மறுபடி துளிர்க்கும். ஓரடிக் கன்று ஒரு புழுவையே தாங்காது. தொட்டிச் செடியானால் ஒன்றிரண்டு புழுக்களை விட்டு, மற்றவற்றை இலையோடு கிள்ளிக் கீழே உள்ள மரத்துக்கு மாற்றலாம். கறிவேப்பிலையில் வளர்ந்ததைக் கறிவேப்பிலைக்கே மாற்றுங்கள். சில புழுக்கள் வளர்ந்தபின் வேறு இலையை ஏற்காது. இடமாற்ற மரம் இல்லாதவர்கள் துளிர் இலைகளை வாரம் இருமுறை பார்த்து முட்டைகளைத் துடைத்துவிடலாம்.

புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசிமணிபோல் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அந்தப் புழுவைத் தொடாதீர்கள். அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அந்தக் குளவிகள் வெளிவந்து அடுத்த புழுக்களைத் தேடிப் போகும். நமக்குச் சம்பளமில்லாத காவல்காரர்கள் அவர்கள். மருந்தடித்தால் புழுவுக்கு முன் இவர்கள்தாம் சாவார்கள். பிறகு புழு இருமடங்காக வரும். குஞ்சு பொரித்த சிட்டுக்குருவியும் தன் குஞ்சுகளுக்குத் தானியம் ஊட்டுவதில்லை, புழுபூச்சிகளையே தேடிக் கொண்டுவருகிறது. முற்றத்தில் குருவி இல்லையே என்று வருந்துகிற நாம் இதையும் நினைக்க வேண்டும்.

கையால் எடுத்தும் அடங்காத காய்கறிச் செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். இளம்புழுக்களுக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும். பி.டி. தூள் தெளித்தால் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் சாகும், ஆகவே எந்தச் செடிக்கு என்று யோசித்துச் செய்யுங்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் காகிதம் விரித்து, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பச்சைப்புழு ஒன்றை இலையோடு விடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தினமும் புதிய இலை, தினமும் எச்சம் துடைத்தல், இவ்வளவுதான் வேலை. ஜாடிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், புழு மூழ்கிவிடும். நேர் வெயிலில் வைக்க வேண்டாம். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். அதில் மருந்து ஒட்டியிருந்தால் புழு செத்துவிடும். புழுவைக் கொல்லும் அந்த இலையைத்தான் நாம் தாளிக்கிறோம் என்பதையும் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் யோசிக்கலாம்.

ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் புழு அதில் இடுப்புக்கு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைச் சூழலில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருக்கக் காணலாம். மழைக்காலத்தில் எட்டு முதல் பத்து நாளில் காலை வேளையில் பூச்சி வெளிவரும். குளிர் கடுமையான ஊர்களில் கூட்டுப்புழு நிலை இன்னும் நீளலாம். வெளிவந்ததும் தொடாமல் சில மணிநேரம் இறக்கை உலர விட்டு, கேலரிக் கதவைத் திறந்துவிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, செடி, புழுவின் நிறம், நீளம், கால் கணக்கு ஆகியவற்றைப் பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். மழைக்காலம் முடிவதற்குள் ஐந்தாறு புழுக்களின் பெயர் மனப்பாடமாகிவிடும். மாலியைக் கூப்பிடுவதற்கு முன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வீட்டில் வந்துவிட்டால் கறிவேப்பிலையும் பிழைக்கும், வண்ணத்துப்பூச்சியும் பிழைக்கும், ரசமும் சுத்தமாக இருக்கும்.